கால் பட்ட தோள்

நான் விளாங்குடிப் பெண். எங்கள் மதுரை அணியின் தடுப்பாட்டக்காரி. வெளிநாட்டில் நடந்த இளையோர் சர்வதேசக் கால்பந்துப் போட்டியில் எதிரணிப் பெண் ஒருத்தி என் முன்னால் வழுக்கி விழுந்தாள். என் கால் அவள் தோளில் பட்டுவிட்டது. வீட்டுப் பழக்கத்தில் குனிந்து அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதற்குள் அவள் அணி கோல் போட்டுவிட்டது.

“இம்புட்டுத் தூரம் வந்தது தொட்டுக் கும்பிடவாடி?” என்றார் எங்கள் கோச் அக்கா.

இடைவேளையில் அந்தப் பெண் வந்து, நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். மன்னிப்பு என்றேன்.

கடைசி நிமிடங்களில் பந்துக்காக இருவரும் மோதினோம். அவள் கால் என் முழங்காலில் பட்டது. உடனே நின்று, என்னைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் நிமிர்வதற்குள் நான் பந்தோடு ஓடிக் கோல் போட்டேன். ஆட்டம் சமன்.

விசில் ஊதியதும் அவளைப் போய்க் கட்டிக்கொண்டேன்.

யார்மீதாவது கால் பட்டால் இன்றும் தொட்டுக் கும்பிடத்தான் செய்கிறேன். பந்தைத் தட்டிவிட்ட பிறகு.