ஒருதரம் சொன்ன குரல்

ராத்தாவின் நிக்காஹ் நடந்த நாளைப் பற்றி எங்கள் குடும்பத்தில் தகராறு கிடையாது. நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் நடுவில் வந்த ஒரு வியாழக்கிழமை. அஸர் தொழுகை முடிந்து வெயில் தணிந்த நேரம். நான் நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். இவற்றையெல்லாம் அழைப்பிதழோடும் என் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையோடும் ஒத்துப்பார்த்து உறுதிசெய்திருக்கிறேன். நாள், கிழமை விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை.

தகராறு ஒரேயொரு சொல்லைப் பற்றியது. அன்று பந்தல் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த வேளையில், உள்ளேயிருந்து ‘ஒருதரம்!’ என்று கத்தியது யார்? நான்தான் என்கிறேன் நான். வானத்திலிருந்து இறங்கிய ஒரு மலக்கு என்கிறார் பெரியும்மா. வாப்பா மவுலவியைச் சந்தேகிக்கிறார். கல்யாணப் பெண்ணான ராத்தா மட்டும் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

ராத்தா, வாப்பாவின் அண்ணனான என் பெரியவாப்பாவின் ஒரே மகள். பெரியவாப்பா களப்புக்கரை மீன்துறையில் ஏலம் கூறுகிறவர். மன்னாரில் இளந்தாரியாய் இருந்தபோதே பழகிய குரல் அது. தொண்ணூறில் எங்கள் ஆட்களையெல்லாம் ஊரை விட்டு விரட்டியபோது அவர் கையோடு கொண்டுவந்த ஒரே தொழில் கருவியும் அதுதான். அவர் துறையில் ‘மூணுதரம்! தூக்கு!’ என்று முடித்தால் எதிர்க்கரையில் கொக்கு எழும்பும் என்பார்கள். தில்லையடியில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வளவில் இருந்ததால் அந்தக் குரலில்தான் நான் வளர்ந்தேன்.

ராத்தாவுக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கிய காலத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை விழுந்திருந்தது. பேச்சில் ஒரேயொரு சொல் மிஞ்சியிருந்தது.

“நாநா, தேத்தண்ணி வேணுமா?” என்று வாப்பா கேட்பார்.

“பாலாவி.”

“சாப்பாடு காரமா?”

“பாலாவி, பாலாவி!”

நாம் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கியது. பகிடிக்குச் சிரித்தார், செய்திக்குத் தலையாட்டினார். வாய் திறந்தால் மட்டும் பாலாவி. மூளைக்குள் அத்தனை சொற்களையும் அடித்துக்கொண்டுபோன வெள்ளத்தில் ஏன் பக்கத்திலிருந்த பாலாவிச் சந்தியின் பெயர் மட்டும் கரையொதுங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. வாப்பா ஒருநாள் ஓட்டோ பிடித்து அவரைப் பாலாவிக்கே கொண்டுபோனார். நானும் தொற்றிக்கொண்டேன். லொறிகளையெல்லாம் தாண்டி உப்பளத்தின் அருகே நிறுத்தி, “இந்தா நாநா, பாலாவி. இங்க என்ன வேணும் உங்களுக்கு?” என்று வாப்பா பணிவாகக் கேட்டார். பெரியவாப்பா உப்பளத்தைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். நெற்றியில் அறைந்துகொண்டு, “பாலாவி!” என்றார். ‘யா அல்லாஹ், இந்த மடையனுக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவேன்’ என்பதுதான் அதன் பொருள் என்று எனக்கே தெரிந்தது.

கற்பிட்டிப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வந்த அன்றுதான் அதிசயம் நடந்தது. பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, வாசலில் புதுச்செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து நான் ஏலத்தைத் தொடங்கினேன்.

“மாப்பிள்ளட மாமாட செருப்பு! புத்தம்புதுசு! பிடிச்சுப் பாருங்க, துடிக்குது! ஒருதரம்… ரெண்டுதரம்…”

பெரியவாப்பா துறையில் செய்வதைப்போலவே அந்த இடத்தில் நிறுத்தி எல்லோர் முகத்தையும் பார்த்தேன்.

“மூணுதரம்! தூக்கு!”

குரல் உள்ளேயிருந்து வந்தது. கூரைத்தகடு அதிர்ந்தது. அடுப்படியில் தட்டு விழுந்து கோப்பைகள் உடைந்தன. மாப்பிள்ளையின் மாமா வெறுங்காலோடு வாசலுக்கு ஓடிவந்து, “என்ட செருப்ப வித்துப்போட்டீங்களா புள்ள?” என்றார். அதற்குள் எல்லோரும் பெரியவாப்பா உட்கார்ந்திருந்த கதிரையைச் சுற்றி நின்றார்கள். அவரோ, இது யாருடைய குரல் என்பதுபோலத் தன் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அந்த வீட்டில் பிடித்த கொண்டாட்டத்தைச் சொல்லி முடியாது! வாப்பா ‘ஒன்று, ரெண்டு’ என்று தொடங்கினால் அவர் பத்து வரை போனார். ‘அல்ஹம்து’ என்று எடுத்துக்கொடுத்தால் குர்ஆனின் அந்த சூறா முழுவதையும் பிசகாமல் ஓதினார். “அப்ப சொல்லுங்க நாநா, இப்ப என்ன வேணும்?” என்று கேட்டபோது மட்டும் பழையபடி பாலாவி.

பின்னாளில் இதைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் புதிதாகக் கட்டும் பேச்சுக்கு, பெரும்பாலோரிடத்தில், மூளையின் இடப்பக்கம் வேண்டும். ஓதிப் பழகியதும், எண்ணிப் பழகியதும், பாடிப் பழகியதும் அந்த ஒரு தெருவை மட்டும் நம்பியிருப்பதில்லை. தெரு உடைந்தாலும் பக்கத்துச் சந்து ஒழுங்கை வழியே வந்து சேர்ந்துவிடும். அன்று எங்களில் யாருக்கும் இது தெரியாது. ஏலம் வந்த பாதையில் வேறு எதையெல்லாம் கொண்டுவரலாம் என்ற யோசனை ராத்தாவுக்குத்தான் முதலில் வந்தது.

காரணம் இருந்தது. நிக்காஹ் சபையில் பெண்ணின் தகப்பன் தன் வாயால் மகளைக் கொடுக்க வேண்டும். ‘என் மகளைப் பேசிய மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்’ என்று அவர் சொல்ல, மஹர் கொடுக்கும் மாப்பிள்ளை ஏற்க வேண்டும். மவுலவி நல்ல மனிதர். “மார்க்கம் லேசானது காக்கா. நீங்க தலையாட்டினாலும் போதும். இல்லாட்டி தம்பிய வக்கீலா வைங்க, அவர் உங்களுக்காகச் சொல்லுவார்” என்றார். பெரியவாப்பா இடக்கையால் கதிரைக் கையில் ஓங்கி அடித்தார். “பாலாவி!” என் மகளைத் தந்தேன் என்று தம்பி சொல்வதா என்பதுதான் அதன் பொருள்!

அன்றிலிருந்து தினமும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு பாடம் நடந்தது. ராத்தா அவருடைய இடக்கையைத் தன் மடியில் வைத்து, அசைக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டு, அந்த வசனத்தை ஏல ராகத்தில் இழுப்பாள். நான் பின்பாட்டு. முதலில் ‘என்’ வந்தது. பிறகு ‘என் மகளை’ வந்தது. அன்று பெரியும்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் சீனி பகிர்ந்தார். ‘மஹருக்கு’ சண்டித்தனம் செய்தது. ‘நிக்காஹ் செய்து’ வரை வந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். ஆனால் அங்கேயே நின்றுவிட்டது. ‘தந்தேன்’ மட்டும் வரவேயில்லை. அந்த இடம் வந்ததும் பெரியவாப்பா ராத்தாவையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் எடுத்துக்கொடுக்க வாய் திறந்தால் ராத்தா என் வாயைப் பொத்துவாள். “போதும் வாப்பா, நாளைக்குப் பாப்பம்” என்று எழுந்துவிடுவாள். அந்தச் சொல்லை அவள் ஒருநாள்கூடத் தட்டிக் காட்டவில்லை.

அந்த வியாழக்கிழமை வந்தது. பந்தல் நிறைந்து தெருவிலும் ஆட்கள். பெண்கள் பக்கத் திரைக்கு உள்ளே ராத்தாவை ஒட்டி நான் இருந்தேன், வாய் நிறையத் தொதல் இனிப்பு. திரை இடுக்கில் எல்லாம் தெரிந்தது. பெரியவாப்பா இடக்கையால் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். “என் மகளைப்…” என்று தொடங்கினார். துறையில் கேட்ட அதே ராகம்! சபை நிமிர்ந்தது. “…பேசிய மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து…”

நின்றது.

உதடு அசைந்தது, சத்தம் இல்லை. மவுலவி காத்திருந்தார். பிறகு மெதுவாக வாப்பாவின் பக்கம் திரும்பினார். வாப்பா தயங்கித் தயங்கி முன்னே நகர்ந்தார். பெரியவாப்பாவின் கண்கள் கலங்கின.

“ஒருதரம்!”

திரைக்குள்ளேயிருந்து அந்தக் குரல். பெரியவாப்பாவின் கழுத்து நிமிர்ந்தது.

“ரெண்டுதரம்! மூணுதரம்! தந்தேன்!”

பந்தல் வெடித்துச் சிரித்தது. மாப்பிள்ளையின் மாமா, “தூக்குடா மருமகன், வேற ஆள் விலை கூட்ட முந்தி!” என்று கத்தினார். மவுலவி வாயைப் பொத்திச் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “எண்ணினது மேலதிகம். தந்தேன் எண்டது தெளிவா வந்திட்டு. மாப்பிள்ள, நீங்க சொல்லுங்க.”

இத்தனை வருடங்களாக அந்த ‘ஒருதரம்’ என்னுடையது. என் தொண்டை அதிர்ந்தது நினைவிருக்கிறது, தொதல் நாக்கில் ஒட்டியிருந்ததும் நினைவிருக்கிறது. இரண்டும் ஒன்றாக நடந்திருக்க முடியாது என்று போன மாதம்தான் எனக்கு உறைத்தது. கல்யாண வீடியோவைத் தேடிப் போட்டேன். வீடியோக்காரர் அந்த நேரம் பார்த்து வட்டிலப்பச் சட்டிகளைப் படம் பிடித்திருக்கிறார். குரல் மட்டும் பதிவாகியிருக்கிறது. சிறுபிள்ளையின் குரல் அல்ல. அழுது தொண்டை கட்டிய, வளர்ந்த பெண்ணின் குரல். என்னை ஒட்டி இருந்தவள் கத்தியதை, பலதடவை சொல்லிச்சொல்லி, என் மூளை என் வாயிலேயே வைத்துவிட்டிருக்கிறது.

‘பாலாவி’க்கும் ‘மூணுதர’த்துக்கும் புத்தகங்களில் விளக்கம் கிடைத்தது. ஒவ்வொரு மாலையும் அந்த ஒரு சொல்லின் முன்னால் தகப்பனும் மகளும் ஏன் அப்படி நின்றுபோனார்கள் என்பதற்குக் கிடைக்கவில்லை. பாவம் ராத்தா, அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்றுதான் நான் அப்போது நினைத்திருந்தேன்.