சொல்லிக்கொள்ளாமல் போன சனம்

அரங்கத்தின் கதவருகே டார்ச் லைட்டோடு நிற்கிறவனுக்கு மேடையில் நடப்பது பாதிதான் தெரியும். நாற்காலிகளில் நடப்பது முழுசும் தெரியும். இந்த வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நம் பாடு உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதிலும் கோயமுத்தூர் ஆட்களுக்கு மரியாதை கூடுதல். நாடகம் பிடிக்காமல் பாதியில் எழுந்து போகிறவர்கூடக் கதவருகே நின்று, "போயிட்டு வாரனுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். நாடகம் போட்டவர் வயிறெரிந்து நிற்க, நான் கும்பிட்டு வழியனுப்பவேண்டும்.

தொண்ணூறுகளில் பெங்களூரிலிருந்து ஒரு குழு வந்தது. அமெரிக்காவில் ஜாஸ் பாடிக் கொடிகட்டிப் பறந்த மார்த்தா என்ற பாடகியின் கதை. பாட்டெல்லாம் இங்கிலீஷ், நடுநடுவே ஒருவர் தமிழில் கதை சொல்வார். மார்த்தாவாக நடித்த ஷீலாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. முன்பு போட்ட ஊர்களில் சனம் பாதியிலேயே கிளம்பிவிட்டதாம். இங்கேயும் அப்படி நடந்தால் நாடகத்தை மூட்டை கட்டிவிடுவதாகக் குழுவின் முதலாளி சொல்லிவிட்டார். திரை தூக்குவதற்கு முன் என்னிடம் வந்து கெஞ்சினாள்: "அண்ணா, யாராவது எழுந்து வந்தா பேச்சுக் கொடுத்து நிறுத்துங்கண்ணா."

உபசாரம்

ஆரம்பமே வம்பு. மார்த்தாவின் காதலனாக வரும் ட்ரம்பெட்காரர், பின்கதவு வழியாக நுழைந்து, சனத்துக்கு நடுவே ஊதிக்கொண்டே மேடைக்குப் போகவேண்டும். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் அவரை மறித்து டிக்கெட் கேட்டேன். ஊதுவதை நிறுத்தாமல் கண்ணாலேயே கெஞ்சினார், விட்டுவிட்டேன்.

உள்ளே கதை அதற்கு மேல். வந்தவரை வாங்க என்று கேட்காமல் நம்மவர்களால் இருக்க முடியுமா? அவர் தாண்டிய வரிசையெல்லாம் எழுந்து நின்று வழிவிட்டது. காரமடைக்காரர் ஒருவர் மச்சானுக்காகத் துண்டு போட்டுப் பிடித்து வைத்திருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "ஏனுங்க, நின்னுக்கிட்டே ஊதுனா மூச்சு வாங்குமுங்க, இப்படி உக்காந்து ஊதுங்க!"

ஆனைக் காவல்

இடைவேளை வந்தது. காப்பி குடிக்கப் போகிறவர்களில் யார் திரும்புவார், யார் அப்படியே நழுவுவார் என்பது நடையிலேயே தெரிந்துவிடும். தொண்டாமுத்தூர் விவசாயி ஒருவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். வாழைத்தோட்டத்தில் ஆனை இறங்குகிறதாம், காவலுக்குப் போகணுமாம். திரை இடுக்கில் ஷீலாவின் கண் தெரிந்தது. ஒருவர் கிளம்பினால் போதும், பின்னாலேயே பத்துப் பேர் கிளம்புவார்கள். ஆனால் காவலுக்குப் போகிறவரை எந்த முகத்தோடு நிறுத்துவது?

பேச்சாவது கொடுப்போமே என்று, "மார்த்தாவைக் கைவிட்டுட்டுப் போன ட்ரம்பெட்காரன் திரும்பி வருவானோ மாட்டானோ" என்று இழுத்தேன். அவர் வாசலைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பையைக் கீழே வைத்தார். "ஆனை வந்தா நாலு வாழை போகுமுங்க, அந்தப் புள்ளைய இப்படி உட்டுப்போட்டுப் போனா எனக்குத் தூக்கம் வருமாங்க?"

கை தட்டாத கூட்டம்

கடைசிக் காட்சியில் மார்த்தா பாடிக்கொண்டே சாகிறாள். பாட்டு பாதியில் நின்றுவிடுகிறது. ட்ரம்பெட்காரர் திரும்பி வந்து, அவள் தலைமாட்டில் நின்று மீதிப் பாட்டை ஊதுகிறார். அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம்.

விளக்குப் போட்டார்கள். குழுவினர் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். ஒரு கைகூடத் தட்டவில்லை. சனம் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வெளியே நடந்தது. பாதியில் போகிறவரே சொல்லிவிட்டுப் போகிற ஊரில், அன்றைக்கு ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு செட்டைக் கழற்றச் சொன்னார். ஷீலா மேடை ஓரத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எந்த நாடகத்தையும் விடாத மில்காரர் வீட்டு அம்மா ஒருவர் உண்டு. போகும்போது என் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் போவார். அன்று அவரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி என்னைத் தாண்டிப் போனார். ஓடிப்போய், "நாடகம் அவ்வளவு மோசமாங்கம்மா? நீங்களே சொல்லிக்காமப் போறீங்களே, அந்தப் பொண்ணு அழுதுட்டிருக்குதுங்க" என்றேன். அவர் திகைத்து நின்றார். அடுத்த நிமிஷம் விறுவிறுவென்று மேடைக்குப் போய், முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, ஷீலாவின் முகத்தைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டார். "எழவூட்டுல ஆராச்சும் கை தட்டுவாங்களா கண்ணு? போயிட்டு வாரேன்னுதான் சொல்லுவாங்களா?"

கழற்றிய செட்டு மறுவாரமே ஈரோட்டில் ஏறியது. சனம் சொல்லிக்கொள்ளாமல் போனதால் பிழைத்துக்கொண்ட நாடகம், நான் கதவருகே நின்ற காலத்தில் அது ஒன்றுதான்.