பிளேன்ரீ வட்டம்

திரையில் அந்த வரைபடம் விழுந்ததும் நான் முதலில் பார்த்தது கிணறுகளை அல்ல, வலது மூலையிலிருந்த பழுப்பு வட்டத்தைத்தான். ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அக்காவின் வாடகை அறையில், நான் கவனமில்லாமல் பால் விடாத பிளேன்ரீ ரம்ளரை வைத்த இடம் அது.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்லர். முதுகலை ஆய்வில் எனக்கு ஒரு வருடம் மூத்தவர். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் உரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய், சோடாப் போத்தல்களில் தண்ணீர் எடுத்து வந்து, ஒவ்வொரு கிணற்றையும் கையாலேயே வரைந்தார். கைக்குழந்தைக்குக் கொடுக்கக்கூடாத தண்ணீருக்குச் சிவப்புப் பேனை. கறை பட்ட அன்று என்னைத் திட்டித் தீர்த்தார். பிறகு, "சரி விடு தம்பி, உன்ரை கைவேலையும் இதிலை கொஞ்சம் கிடக்கட்டும்" என்று சிரித்தார்.

யுத்தத்தில் ஊரே எழும்பி நடந்த இடப்பெயர்வின்போது அந்த வரைபடச் சுருளை என்னிடம்தான் தந்தார். நடக்கமுடியாத தாயைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவருக்கு வேறு கை இருக்கவில்லை. நான் பத்திரமாகத்தான் கொண்டுபோனேன், கொழும்புக்கும் பிறகு வெளிநாட்டுக்கும். அங்கே மேற்படிப்புக்கு இடம் தேடி ஒரு பேராசிரியர் முன் நின்றபோது அதை அவருடைய மேசையில் விரித்தேன். வரைந்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அக்காவுக்கு, சுருள் சாவகச்சேரிப் பக்கம் தவறிவிட்டது என்று கடிதம் போட்டேன். எங்கள் ஆட்கள் மறுகேள்வி கேட்காத காரணம் அது ஒன்றுதான். அந்தப் பாதையில் ஏதோ ஒன்றைத் தவறவிடாதவர் யார்? வேறு பிரதி இல்லாததால் அக்கா ஆய்வைக் கைவிட்டு, உடுப்பிட்டியில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கப் போனார்.

சென்ற மாதம் யாழ்ப்பாணத்தில் எங்கள் பல்கலைக்கழகப் பழைய மாணவர்களின் இராப்போசனம். அதே பேராசிரியர்தான் சிறப்புப் பேச்சாளர். அவரைக் கூட்டிவந்தவன் நான். அக்கா வருவார் என்று நினைக்கவில்லை. வந்தவர் எனக்குப் பக்கத்துக் கதிரையிலேயே இருந்து, பிள்ளைகளைப் பற்றி விசாரித்து, தன் பங்குக் கட்லட்டை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். அப்போதுதான் வரைபடம் திரைக்கு வந்தது.

பேராசிரியர் லேசர் வெளிச்சத்தால் அந்த வட்டத்தைச் சுற்றி, மாசு பரவிய எல்லையை இப்படிக் குறித்திருக்கிறார்கள் என்றார். அது தேநீர்க் கறை என்று அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் யாருடைய மேசை என்று கேட்டிருப்பார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "தம்பி, உது நீ வைச்ச ரம்ளர் எல்லே?"

"ஓம் அக்கா."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பேராசிரியர் என் பக்கம் கைகாட்டி, இளம் வயதில் இதை வரைந்த என் மாணவர் அதோ இருக்கிறார் என்றார். மண்டபம் கைதட்டியது. அக்காவும் தட்டினார்.

கேள்வி நேரத்தில் ஒலிவாங்கி எங்கள் மேசைக்கும் வந்தது. வரைந்தவர் இவர் என்று ஒரு வசனம் போதும். வாய்வரை வந்தது. அடுத்த மேசைக்குக் கொடுத்துவிட்டேன். அக்கா கைப்பையை எடுத்தார். "பஸ் போயிடும். வாறன் தம்பி." அவருடைய சோறு தொடாமல் கிடந்தது.

மன்னிப்புக் கேட்க நான் இன்னும் உடுப்பிட்டிக்குப் போகவில்லை. போவேன் என்றும் தோன்றவில்லை. இதை எழுதும்போதுகூட அக்கா, அக்கா என்றே எழுதியிருக்கிறேன். பெயரைப் போட்டால் என்னையும் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த வரைபடத்தின் ஒவ்வொரு கிணறும் அவருடையது. என்னுடையது அந்தக் கறை மட்டும்தான்.