பிள்ளை வருகிறது

நான் பிறந்தது மலேயாவில், ஈப்போவில். இந்தியா எனக்கு அப்பாவின் பேச்சில் மட்டுமே இருந்த நாடு. அந்தப் பேச்சை நம்பி, அறுபதுகளின் நடுவில், அண்ணாமலை நகரில் படிப்பதற்காகப் பினாங்கில் தனியாகக் கப்பல் ஏறினேன்.

சென்னையில் இறங்கி ரயில் பிடித்துத் திருப்பாதிரிப்புலியூர் வந்தேன். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்த அம்மாவின் தூரத்துத் தம்பி, என்னைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போய்த் தங்க இடம் பார்த்துக் கொடுப்பார் என்று ஏற்பாடு. அவரை நான் பார்த்ததில்லை, அவரும் என்னைப் பார்த்ததில்லை. நான் கவுன் போட்டிருந்தேன். அது முழங்காலோடு முடிந்துவிட்டது. பிளாட்பாரம் முழுக்க மீதிக் காலைத்தான் பார்த்தது.

கூட்டம் கலைந்ததும் மிஞ்சியது, பெட்டியும் கையுமாக நான், ரோஜா மாலையும் கையுமாக ஒருவர்.

"ஏம்மா, மலேயாலேர்ந்து பெரியவர் ஒருத்தர் வந்திருக்கணும். வண்டியில பாத்தியா?"

"நான்தான் மலேயாவிலிருந்து வர்றேன்" என்றேன்.

அவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். அப்பா இங்கிலீஷில் தந்தி அடித்திருந்தார், நடுவில் ஒரே ஒரு தமிழ்ச்சொல்லைப் போட்டு: பிள்ளை. வீட்டில் என்னை அப்படித்தான் சொல்வார்கள். மாமாவோ கோட்டும் தொப்பியுமாக யாரோ பணக்காரப் பிள்ளைவாள் வருகிறார் என்று முடிவுகட்டி, அவரைப் பிடித்து மலேயாவில் ஒரு வேலைக்கு வழி செய்துகொள்ளலாம் என்றும் கணக்குப் போட்டிருந்தார். மாலையை என் கழுத்தில் போட அவருக்குக் கூச்சம், தூக்கிப்போடவும் மனசில்லை. கடைசியில் என் டிரங்குப் பெட்டிக்குச் சாத்தினார். பெட்டி மாப்பிள்ளைபோல பஸ்ஸின் தலையில் ஏறிச் சிதம்பரம் போனது. நான் கீழே, யாருடைய கோழியோ காலைக் கொத்த, நின்றுகொண்டு போனேன்.

பிள்ளைவாளுக்காக மாமா பேசி வைத்திருந்த அறை ஆண்கள் லாட்ஜில் இருந்தது. இடுப்பில் துண்டோடு வராந்தாவில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் வாய் நிறையப் பற்பொடியோடு அறைகளுக்குள் ஓடினார்கள். மேனேஜர் மாமாவிடம் மட்டும் பேசினார். நான் அங்கே இல்லவே இல்லை என்பது அவர் தீர்மானம்.

திரும்பிப் போய்விடலாம், லீவு முடிந்து பெண்கள் ஹாஸ்டல் திறந்ததும் வரலாம் என்றார் மாமா. மறுபடியும் அந்தப் பஸ்ஸா? ஒரு கடலைத் தாண்டி வந்தவளால் அந்தக் கோழியைத் தாண்ட முடியாது. நேரே ஹாஸ்டலுக்கே போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினேன். மாமா புலம்பிக்கொண்டே பின்னால் வந்து, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார்.

வார்டன் அம்மா நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒற்றைத் தலைவலியாம்.

"யாரு கூட வந்தே?"

"தனியாத்தான்."

"கப்பல்லயுமா?"

"கப்பல்லயும்."

அவர் என்னைப் பெற்றவர்களைப் பற்றி மனதில் ஏதோ எழுதிக்கொண்டது தெரிந்தது. லீவு முடிந்து திங்கட்கிழமைதான் திறப்போம், அதுவரை யாருக்கும் இடமில்லை, அது சட்டம் என்றார். அனுமதிக் கடிதத்தையாவது காட்டுவோம் என்று பெட்டியைத் திறந்தேன். மேலாக, உறவுக்காரர்களுக்கென்று அம்மா அடுக்கிவிட்ட தைலப் பாட்டில்கள்.

வார்டன் அம்மாவின் கண் அங்கேயே நின்றது. "அது மலேயா தைலமா?"

ஒன்றை நீட்டினேன். துணியை அவிழ்த்து, இரண்டு பொட்டிலும் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். சட்டம் அந்த அறையைவிட்டு வெளியேற அவ்வளவு நேரம்தான் பிடித்தது.

"ஒரு கட்டில்தானே. படுத்துக்க."

கேட்டுக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் அவருக்கும் ஒரு பாட்டில் கொடுத்தேன். வாங்கி மோந்து பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வீட்டுக்கு வரணும் பாப்பா என்று சொல்லிப் போனார்.

நீளமான கூடம். வரிசையாகக் காலிக் கட்டில்கள். ஒன்றில் உட்கார்ந்து அழுகை வரட்டும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது. அந்த நேரம் பார்த்து வார்டன் அம்மா மோர்ச்சோற்றுத் தட்டோடு வந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாலு நாளா இந்தக் கட்டடத்துல நான் ஒருத்திதான் இருக்கேன்" என்றார். "உன் கட்டில என் ரூம் பக்கமா இழுத்துப் போட்டுக்க."

கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை அவர் பிடித்தார்.