நஜ்லா வைக்காத முத்திரை

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் தொலைபேசி அடித்தபோது நஜ்லா பதினோரு பேருக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். ஏப்ரல் மாதம். நாட்டின் நீளத்துக்கும் ஓடும் மலைப்பாதையை, வடக்கே அந்தகெத்தில் தொடங்கி, தெற்கே மர்ஜயூன் வரை முழுதாக நடக்கக் கிளம்பிய கூட்டம், முந்தின மாலை தன்னூரினில் அவள் வீட்டில் வந்து தங்கியிருந்தது.

பேசியது தங்கை மகள் ஜிசேல். "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே."

நஜ்லா அடுப்பை அணைத்தாள். அழுகை வரவில்லை. இதிலும் முந்திக்கொண்டாளே என்றுதான் முதலில் தோன்றியது.

வர்தே அவளுக்கு ஐந்து வயது இளையவள். திரிப்போலியில் மருந்துக்கடை வைத்திருந்தாள். சிறுவயதில் மாதா கோவில் படி ஏறுவதற்குள் நாலு இடத்தில் உட்காருவாள். "அக்கா, தூக்கிட்டுப் போயேன்" என்பாள். நஜ்லாதான் முதுகில் சுமப்பாள். மலையும் நடையும் அக்காவுக்கு, நிழலும் மிட்டாயும் தங்கைக்கு என்று வீட்டில் எப்போதோ பிரித்தாகிவிட்டது.

பாதை முழுவதையும் நடக்க ஆசைப்பட்டவளும் நஜ்லாதான். சமையலறைச் சுவரில் வரைபடம் ஒட்டியிருந்தாள். ஆனால் பனி கரைந்து நடக்கிறவர்கள் வரும் மாதத்தில்தான் அவளுக்கு வேலை. தங்குவதற்கு வீடு கொடுப்பவள் வீட்டைப் பூட்டிவிட்டு நடக்க முடியுமா? தன்னூரினிலிருந்து அக்கூரா வரையுள்ள ஒரு நாள் நடை அவள் பொறுப்பு. விருந்தாளிகளை அங்கே கூட்டிப்போய் அக்கூராவில் வீடு கொடுப்பவனிடம் ஒப்படைத்துவிட்டு, ஊர் வேன்காரர் அபு எலியாஸின் வேனில் திரும்பி வருவாள். நானூறு தடவைக்கு மேல் போயிருப்பாள். அந்தத் தூரத்தைக் கூட்டினால் முழுப்பாதையைப் பலமுறை நடந்த கணக்கு. ஆனால் அக்கூராவுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லைக்கூட அவள் மிதித்ததில்லை.

ஐந்து வருடம் முன்பு வர்தே தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, நான் பாதையை முழுசா நடக்கப்போறேன்."

"நீயா? கடையில ஏணி ஏறினாலே உனக்குத் தலை சுத்தும்."

"அதான் மெதுவா நடக்கப்போறேன்."

நொண்டிக்கொண்டு வருவாள், இங்கேயே படுத்துவிடுவாள் என்று நஜ்லா நினைத்தாள். கஷாயம்கூடப் போட்டு வைத்திருந்தாள். பத்தாம் நாள் மாலை வர்தே வெயிலில் தோலுரிந்த மூக்கோடு சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் பக்கத்து நாற்காலிக்கு மற்றவர்கள் போட்டி போட்டார்கள்.

"கொப்புளத்துக்குக் கட்டுப் போடறேன்னு எல்லாரும் என்னை டாக்டர்ங்கறாங்க அக்கா!" என்றாள், ஐந்தாவது கிப்பே உருண்டையை எடுத்தபடி.

"டாக்டர் முதல்ல தன் வயித்தப் பாத்துக்கட்டும்" என்றாள் நஜ்லா. எல்லோரும் சிரித்தார்கள். வர்தேதான் அதிகம் சிரித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் தன் நோட்டை நீட்டினாள். வழியில் இருபத்தாறு வீடுகள். வீட்டுக்கு ஒரு முத்திரை. ஒன்பது விழுந்திருந்தது. "போடு அக்கா. இதுக்காகத்தான் வேகமா வந்தேன்."

நஜ்லாவின் கை முத்திரை இருந்த இழுப்பறையைத் தொட்டது. "மை காஞ்சு போச்சுடி."

மற்ற எல்லோருக்கும் வர்தே குளிக்கப் போனபோதே முத்திரை வைத்தாகிவிட்டது. வர்தே அக்காவின் விரல் நுனியைப் பார்த்தாள். ஊதா மை இன்னும் காயவில்லை.

"சரி. அடுத்த தடவை வரப்போ போடு" என்று நோட்டை மூடினாள்.

மறுநாள் முட்டி வலி என்று சொல்லி நஜ்லா வீட்டிலேயே இருந்துவிட்டாள். தங்கை அக்கூராவுக்கு வேறொருவரோடு போனாள். மூன்று வாரத்தில் மர்ஜயூனிலிருந்து புகைப்படம் வந்தது. அதற்கடுத்த வாரம் அபு எலியாஸ் வேனில் ஒரு புதிய மை பாட்டில் வந்தது. கடிதம் எதுவும் இல்லை. நஜ்லா அதைக் கரண்டிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

அதன் பிறகு வருகிறவர்களெல்லாம் வாசலிலேயே கேட்டார்கள். "வர்தே டாக்டரோட அக்காவா நீங்க?"

அடக்கம் முடிந்ததும் ஜிசேல் அந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "முழுசா நடந்தீங்களான்னு யார் கேட்டாலும், இல்ல, ஒண்ணு பாக்கின்னுதான் அம்மா சொல்வாங்க."

"ஏன்னு சொன்னாளா?"

"அக்காவுக்கு வேலை ஜாஸ்தி, அவசரப்படுத்தக் கூடாதுன்னாங்க."

இப்படி ஒருத்தியிடம் யாரால் ஜெயிக்க முடியும்? கூட்டத்தின் நடுவே, சவப்பெட்டி போன திசையைப் பார்த்தபடி, நஜ்லாவுக்குப் பழைய எரிச்சல் அப்படியே மூண்டது. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வீட்டுக்கு வந்து நோட்டை மேசைமேல் விரித்து, முத்திரையைக் கையில் எடுத்தாள். தங்கைக்குக் கிடைக்காமல் தன்னிடம் நின்றது நோட்டில் காலியாக இருந்த அந்த ஒரு இடம் மட்டும்தான். அதையும் கொடுத்துவிட்டால் தன்னிடம் எதுவும் மிச்சமில்லை. முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் கூட்டத்துக்கு மாவு பிசையப் போனாள்.

அந்தப் பருவத்தின் கடைசிக் கூட்டம் மே மாத நடுவில் தன்னூரினைத் தாண்டிப் போயிற்று. அவர்கள் எல்லோருடைய நோட்டிலும் நஜ்லா முத்திரை வைத்தாள். திரிப்போலியிலிருந்து வந்த மை பாட்டிலின் மூடி இன்னும் திறக்கப்படவில்லை.