இரண்டு கதவு, இரண்டு பஸ்

ஆறே முக்காலுக்கு டார்லீன் கூபிக் தம் பழைய காரைக் கீலர் தெருவின் மேப்பிள் மரத்தடியில் நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, பிளாஸ்க்கைத் திறக்கிறார். மூன்றாவது நாளாக இதே இடம். எதிரே விலைக்கு வந்திருக்கிற இரட்டை வீடு: ஒரே கூரை, ஒரே படிக்கட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கதவு. டார்லீன் பார்க்க வந்தது வீட்டை அல்ல. அந்த வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியின் பஸ்ஸில் ஏறுகிறார்கள் என்பதை.

நேற்று நாயோடு நடக்க வந்த ஒருவர் கார்க் கண்ணாடியைத் தட்டி, "யாருக்குக் காத்திருக்கீங்க?" என்று சந்தேகமாகக் கேட்டார். "பஸ்ஸுக்கு" என்றார் டார்லீன். காருக்குள் உட்கார்ந்துகொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்மணியை அந்த மனிதர் தெருக்கோடி வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வயது அறுபத்தொன்று. முப்பத்து மூன்று வருடமாக ஒரு பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை. யாரிடம் பேசினாலும் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் இரண்டு வருடம் தாங்கினால் பெரிது. அதற்குள் வாடகை ஒழுங்காக வரும் ஒரு வீடு கையில் வேண்டும். பள்ளி நன்றாக இருந்தால் இந்த ஓஹாயோ மாநில ஊர்களில் குடித்தனக்காரர்கள் தாமே தேடி வருவார்கள். எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்பதைப் பள்ளி வட்டாரத்தின் எல்லைதான் முடிவு செய்கிறது. அந்த எல்லையோ தபால் முகவரியில் இருக்கும் ஊர்ப்பெயரை மதிப்பதே இல்லை. தெருவுக்கு நடுவில் ஓடும், சமயத்தில் வீட்டுக்கு நடுவிலும் ஓடும்.

அது தெரியாமல் ஒருமுறை சூடு பட்டவர். முகவரியில், நல்ல பள்ளிக்குப் பேர்போன ஹார்க்கர் ஊரின் பெயர் இருந்ததை நம்பி முதல் வீட்டை வாங்கி, அதையே சொல்லி ஒரு குடும்பத்தைக் குடிவைத்தார். ஆகஸ்டில் பிள்ளையைச் சேர்க்கப் போன இடத்தில், "நீங்க டன்ஸ்ஃபீல்ட் வட்டாரமாச்சே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. மகளின் புதுப் பையைத் தன் தோளில் மாட்டியபடி வந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று டார்லீன் இன்றும் சொல்வார்.

அதிலிருந்து காகிதத்தை நம்புவதில்லை. வட்டார அலுவலகத்துக்குப் போன் செய்தால் பஸ் அனுப்புகிறவரைத்தான் கேட்பார். "மேப் வரைஞ்சவன் வீட்ல தூங்குவான். காலைல ஒரு பிள்ளை விட்டுப்போச்சுன்னா இவருக்குத்தான் திட்டு விழும். இவருக்குத் தெரியாமலா இருக்கும்?" என்பார். எல்லையை மாற்றப் பேசும் பள்ளிக் கூட்டங்களிலும் கடைசி வரிசையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இத்தனைக்கும் அவருக்குப் பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளைகூடக் கிடையாது.

இரண்டு நாள் தாம் பார்த்ததை வீட்டை விற்பவரின் தரகர் டிராவிஸும் பார்க்கட்டும் என்று இன்று அவனையும் பிடித்துவந்து பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். ஏழு பத்துக்கு இடது கதவிலிருந்து ஒரு சிறுமி ஓடிவந்து ஹார்க்கர் பஸ்ஸில் ஏறினாள். வலது கதவின் அக்கா தங்கை இருவரும் அதே படியில் உட்கார்ந்து டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு இருபதுக்கு டன்ஸ்ஃபீல்ட் பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது.

"பாத்தியா?"

"பாதி ஹார்க்கர்தானே மேடம்? போர்டுல போட்டது முழுப் பொய் இல்லையே." டிராவிஸ் சிரித்தான். பற்கள் பளிச்சென்றுதான் இருந்தன, ஈறுதான் சரியில்லை. "வலது பக்கத்தார் மே மாசம் காலி பண்றாங்க. புதுசா வர்றவங்ககிட்டயும் ஹார்க்கர்னே சொல்லுங்க. வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டப்புறம் ஒரு வருஷத்துக்கு எங்க போவாங்க? மத்தியானம் இன்னொரு பார்ட்டி வருது. கேட்ட விலையைத் தர்றாங்களாம்."

டார்லீனுக்கு அந்த வீடு வேண்டும். புதுக் கூரை, தண்ணீர் கசியாத நிலவறை, நடக்கிற தூரத்தில் கடை. இனி இப்படி ஒன்று அகப்படுமா என்று தெரியாது.

"வலது கதவுக்கு டன்ஸ்ஃபீல்ட் வாடகைதான் வரும். அதுக்கேத்த விலைதான் தருவேன். போய்ச் சொல்லு."

"ஒத்துக்க மாட்டாங்க மேடம்."

"ஒத்துக்கலன்னா விடு. வேற தெரு, வேற பஸ்."

கார்க்கதவைத் திறந்து தெருவைக் கடந்தார். புல்லில் நட்டிருந்த விற்பனைப் பலகையின் கீழே 'ஹார்க்கர் பள்ளி வட்டாரம்!' என்று ஒரு தகரப் பட்டை இரண்டு கொக்கிகளில் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி எடுத்துவந்து, எழுத்து மேலே தெரியும்படி டிராவிஸின் மடியில் வைத்தார்.