பின்னால் கப்பல் தெரியும் படம்

லிங்கநகரில் யாராவது முதன்முதலாகக் கமரா வாங்குவதென்றால், கமலேஸ்வரி அக்காவிடம் காட்டாமல் வாங்கமாட்டார்கள். நானும் அவரும் ஒரே கந்தோரில் வேலை செய்கிறோம். கோப்பு பார்ப்பதில் அக்கா அப்படியொன்றும் கெட்டிக்காரி இல்லை, அதை முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் கமரா என்று வந்தால் அவர் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. இத்தனைக்கும் அவரிடம் சொந்தமாக ஒரு கமராவும் இல்லை.

போன மாதம் கிண்ணியாவிலிருந்து சப்ரினா வந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், பறவைகளைப் படமெடுக்க ஆசை. ஒருவர் பாவித்த டிஎஸ்எல்ஆர் ஒன்றை, பிடித்தால்தான் வாங்குவேன் என்று சொல்லிக் கொண்டுவந்திருந்தாள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்றே செய்கிற சின்ன வகைக் கமரா அது. கந்தோர் முடிந்ததும் மூவரும் உட்துறைமுகக் கரைக்குப் போனோம்.

அக்கா லென்ஸைக் கழற்றி, போன் வெளிச்சத்தை அதற்குள் அடித்துப் பார்த்தார்.

"கடல்காத்து அடிக்கிற ஊரில முதல் பூஞ்சணத்தைத்தான் பாக்கோணும். இது சுத்தமா இருக்கு. பாரமும் இல்லை, கழுத்து நோகாது. ஆனா உந்த லென்ஸால தூரத்துக் கொக்கைப் பிடிக்க ஏலாது. அதுக்குப் பிறகு வேற லென்ஸ் பாருங்கோ. பழகிறதுக்கு இது காணும்."

பிறகு தன் தண்ணீர்ப் போத்தலைக் கரையோர மதிலில் வைத்துப் படமெடுத்தார். திரையில் பெருப்பித்துப் பார்த்தார், அழித்தார். இன்னொன்று எடுத்தார், அதையும் அழித்தார். எந்தக் கமராவுக்கும் இதே போத்தல், இதே மதில், கடைசியில் ஒரு படமும் மிஞ்சாது. ஒரு ஆளை அந்த இடத்தில் நிற்பாட்டி அவர் எடுத்து நான் கண்டதில்லை. கந்தோர் மேசையிலும் இந்தச் சுத்தம் இருந்தால் நல்லதென்று நான் பகிடி பண்ணுவேன்.

"போத்தலைப் பாத்து எனக்கு ஒண்டும் விளங்குதில்ல அக்கா. நான் போய் நிக்கிறன். முகம் தெளிவா விழுதோ பாருங்க," என்று சப்ரினா மதிலடியில் போய் நின்றுவிட்டாள்.

அவளுக்குப் பின்னால் தண்ணீரில் ஒரு கப்பல் நின்றது. அக்கா வேண்டாமென்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் எடுத்தார். எடுத்த படத்தைப் பார்க்கக்கூட இல்லை. விரல் தானாகப் போய் அழித்துவிட்டது.

"ஏன் அக்கா அழிச்சனீங்க?"

"பின்னால கப்பல் விழுந்திட்டுது."

"விழுந்தா என்ன?"

அக்கா மதிலில் உட்கார்ந்துவிட்டார். பத்து வருஷம் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் நான். அவர் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவருக்கு வினோதன் என்று ஒரு அண்ணன். இரண்டு பேருக்கும் ஒரே அச்சு முகம் என்று சனம் சொல்லுமாம். தொண்ணூறுகளில் ஒருநாள் இரவல் கமராவில், இதே மதிலடியில் அண்ணனை நிற்பாட்டி அக்கா ஏழெட்டுப் படம் எடுத்திருக்கிறார். அதற்கு முன்பே குடும்பம் இடம்பெயர்ந்தபோது பழைய படங்களெல்லாம் போய்விட்டன, அண்ணனுக்கென்று இருந்தவை இவைதான். படம் கழுவி வந்த கிழமையே இராணுவத்தின் சுற்றிவளைப்பு வரப்போகிறதென்று ஊரில் கதை. எல்லாப் படத்திலும் பின்னால் துறைமுகமும் கப்பலும் தெரிந்தன. அது வீட்டில் அகப்பட்டால், துறைமுகத்தை வேவு பார்த்தவன் என்று அண்ணனைக் கொண்டுபோய்விடுவார்களே என்று பயந்து, அக்கா தன் கையாலேயே படங்களையும் பிலிமையும் குசினி அடுப்பில் போட்டார். ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். கை ஆடி எடுபட்ட படம், கப்பல் எது, ஆள் எது என்று பிடிபடாத படம்.

அதிலிருந்து மூன்றாம் மாதம் கப்பல்துறைக் கிராமத்துக்குச் சைக்கிளில் போன அண்ணன் திரும்பி வரவில்லை. தேடிப்போன இடமெல்லாம் படம் கேட்டார்கள். அக்கா அந்த மங்கல் படத்தை நீட்டினார்.

"இதில ஆரெண்டு பாக்கிறது பிள்ளை எண்டு ஒருத்தர் திருப்பித் தந்தவர். அவர் சொன்னதும் சரிதான்," என்றார் அக்கா. "காப்பாத்திறன் எண்டுதான் எரிச்சனான். இப்ப கண்ணை மூடினா எனக்கும் அந்த மங்கல்தான் வருது. முகம் வருகுதில்லை."

எனக்கு வாய் அதிகம் என்று கந்தோரில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் போத்தல் படங்களுக்கு நான் பண்ணிய பகிடிகளை நினைக்க வெட்கமாக இருந்தது.

சப்ரினாதான் கமராவைக் கையில் எடுத்தாள். "வாங்கப்போறது நான்தானே அக்கா. நானும் ஒருக்கா எடுத்துப் பாக்கவேணும். நீங்க நில்லுங்க."

அக்கா மறுக்கவில்லை. மெல்ல எழும்பிப் போய் அண்ணன் நின்ற இடத்தில் நின்றார். கடல்காற்று அவருடைய நரைத்த தலைமயிரை முழுவதும் பின்னுக்குத் தள்ளியது. சப்ரினா நிதானமாக எடுத்து, பெருப்பித்து, திரையை அவரிடம் நீட்டினாள். முகம் அச்சொட்டாக விழுந்திருந்தது. பின்னால் கப்பலும் தெரிந்தது.

"அழிக்கட்டா அக்கா?"

அக்கா கமராவை இரண்டு கையாலும் வாங்கினார். திரை தானாக அணைய அணைய, திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார்.

"அழிச்சுப்போடாதேங்கோ," என்றார் கடைசியில். "அண்ணாக்கும் நரைச்சுப்போச்சு."